விளையாட்டுக்கு முன்னால் வந்த பெயர்

2003இல் என் அண்ணன், றிஸ்கான் நானா, வவுனியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். கையில் வைத்து விளையாடும் 'கேம் போய்' கருவிக்குக் களவாகப் படியெடுத்த கேம்களும் அங்கே விற்றோம். கணினியிலிருந்து கேமை, அந்தக் கருவியில் செருகும் கசெட்டில் ஏற்றுவது என் வேலை.

எந்தக் கேமைப் போட்டாலும் முதலில் ஒரு திரை வரும். இசையோடு யாரோ வெளிநாட்டுக்காரரின் பெயர்கள் ஓடும்.

"ஆர் நானா இவங்கள்?"

"கேமைப் படியெடுக்கேலாமல் கொம்பனி போட்ட பூட்டை உடைச்சவங்கள். தங்கட பேரைப் போட்டுத்தான் விடுவாங்கள்."

எனக்கும் ஆசை வந்தது. அப்படித் திரை செய்யும் சின்ன மென்பொருளொன்றை இணையத்தில் எடுத்தேன். அதில் தமிழ் எழுத்து இல்லை. கட்டம் போட்ட கொப்பியில் எழுத்தெழுத்தாக வரைந்து, புள்ளி புள்ளியாக ஏற்றினேன். 'லை' என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு கிழமை கழித்து நீலத் திரையில் வெள்ளையாக வந்தது: 'நஃப்லா, கடற்கரை வீதி, முல்லைத்தீவு.'

வவுனியா என்று போட மனம் வரவில்லை. 1990இல் புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, பன்னிரண்டு வயதில் நான் விட்டுவந்த விலாசம் அது.

நானா கண்டுவிட்டார். "களவுக் கேமில ஆரும் விலாசம் போடுவினமோ? அழி!"

அழித்தேன். அதற்குள் சில கசெட்டுகள் விலைப்பட்டிருந்தன.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், என் வயதுப் பெண்ணொருத்தி வந்து கசெட்டை மேசையில் வைத்தாள்.

"இதில பேர் போட்ட நஃப்லா ஆர்?"

நானா முந்திக்கொண்டார். "பழுதெண்டால் மாத்தித் தாறன், தங்கச்சி."

"பழுதில்லை. தம்பி இஞ்ச வாங்கிக்கொண்டு வந்து விளையாடேக்க கண்டனான். எங்கட வீதியில ஒரு நஃப்லாதான் இருந்தவள்."

குரல்தான் முதலில் பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கமலாசனி.

"எடியே, கமலா!"

"உயிரோட இருக்கிறியோடி?" என்று என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை நானாவும் நானும் முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, சோதனை முடிந்து, போய்ச்சேரப் பின்னேரமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, நிலை ஒன்றும் இல்லை. கிணற்றை மட்டும் கமலாசனியின் அப்பா வருசா வருசம் இறைத்துத் துப்புரவாக வைத்திருந்தார்.

"தண்ணி நல்ல தண்ணி. குடியுங்கோ," என்றாள் கமலாசனி.

நானா ஒரு வாளி அள்ளி முகத்தைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். நாங்கள் இருவரும் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம்.