வீட்டைச் சுற்றி ஐந்தடி

"உங்க வீட்டுக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் எத்தனை அடி தூரம்?"

போனில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். எங்கள் தெருவில் குழாயே கிடையாது. வாரம் ஒரு முறை லாரி வந்து, பின்பக்கத் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போகும். அதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொன்ன உடனே அவள் மறுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. "ஹலோ, இருக்கீங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அது முதல் நாள். காப்பீட்டுக் கம்பெனிகளின் பட்டியலில் இன்னும் பதின்மூன்று நம்பர்கள் இருந்தன.

அக்டோபர் ஒன்பதாம் தேதி எங்களுக்குக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டுக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனி, டிசம்பர் இருபத்துமூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. காரணம் ஒரே வரி: தீ அபாயம். கோடையில் மேற்கு மலைச்சரிவு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். நெருப்பு எங்கள் பக்கம் வரவில்லை, சாம்பல் மட்டும் வந்தது. கம்பெனிக்கு அது போதும் போலிருக்கிறது.

வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி. காப்பீடு இல்லாவிட்டால் வங்கியே ஒன்றை எடுத்து நம் தலையில் கட்டும். விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. அம்மா மோட்டலில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறை கூட்டித் துடைக்கிறாள். இருபது அறை துடைத்தாலும் அது கட்டாது. "அப்படின்னா வித்துட்டுப் போக வேண்டியதுதான்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனிகள் திறந்திருக்கும் நேரத்தில் அம்மா வேலையில் இருப்பாள். வீட்டில் இருப்பது நான். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா போனை என் முன்னால் வைத்துவிட்டு, "மீஹா, உன் மூஞ்சிய யாரும் பாக்கப் போறதில்ல. குரல் மட்டும்தான்" என்றாள். அம்மாவுக்கு நான் எப்போதும் மீஹாதான், மகள்.

கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கூரை ஓடு. கட்டிய வருடம் 1978. தீயணைப்பு நிலையம் ஒன்பது மைல். போன் செய்வேன், பார்த்து வாசிப்பேன். "உங்க பின்கோடு?" என்பார்கள். சொல்வேன். "மன்னிக்கணும்" என்பார்கள். மூன்று கம்பெனிகள் பின்கோடுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எழுதி வைத்த பதில்கள் அப்படியே கிடந்தன.

பதினான்காவது நம்பர் வெர்னா என்ற ஏஜெண்ட். சிகரெட்டில் கரகரத்துப்போன குரல்.

"சத்தமா பேசு கண்ணு. பூனைக்குட்டி மாதிரி பேசினா எனக்குக் கேக்காது."

நான் பின்கோடைக் கத்தினேன்.

"அய்யோ, காது! சரி, கேளு. புதுசா ஒரு கம்பெனி இருக்கு. வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நூறு டாலர். உங்க பக்கத்துல நாலே நாலு வீடுதான் எடுத்துக்கறாங்க. மூணு போயாச்சு. இன்னைக்கு உன் பேரை எழுதவா, வேணாமா?"

"எழுதுங்க."

"எழுதிட்டேன். நவம்பர் மூணு. இன்னும் கிடைச்சிடலை, ஞாபகம் வச்சுக்கோ. ஆளு வந்து நாலு பக்கமும் போட்டோ எடுப்பான். சுவத்துலேருந்து அஞ்சடிக்குள்ள எரியற பொருள் ஒண்ணு இருக்கக் கூடாது. செடி, விறகு, வாசல்ல போடற மிதியடிகூடக் கூடாது. இருந்தா அன்னைக்கே முடிஞ்சது, ரெண்டாவது தரம் வர மாட்டாங்க. டிசம்பர் பத்துலேருந்து இருபதுக்குள்ள வருவான். எந்த நாள்னு சொல்ல மாட்டாங்க."

அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கால் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வீடுதான் பாக்கி இருந்துச்சா?"

"ஆமா."

"டெல்ஃபினாகிட்ட சொல்லாதே."

டெல்ஃபினா எதிர் வீடு. எனக்கு ஞானஸ்நானத் தாய். மத்ரீனா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வருடம் முன்பே அவரைக் காப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். கணவர் இருந்தபோதே கடனை அடைத்துவிட்டதால் வங்கித் தொல்லை இல்லை. ஆனால் எரிந்தால் எல்லாம் போச்சு. காற்று அடிக்கும் இரவுகளில் செருப்போடுதான் படுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவை அவர் கொமாத்ரே என்பார், ஞானஸ்நானப் பிள்ளையின் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "கொமாத்ரே, எந்தக் கம்பெனியாவது கண்ணுல பட்டா முதல்ல என்கிட்ட சொல்லு."

"அவங்க கேட்டு வச்சிருக்காங்களேம்மா" என்றேன்.

"கேட்டா? ஒரு இடத்துல ரெண்டு வீடு போகுமா? அவளுக்குக் கடன் இல்ல, நமக்கு இருக்கு. கையெழுத்தாகட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்லிக்கறேன்."

இன்னொரு காலின் ஷூவைக் கழற்ற அவளுக்கு வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகு ஐந்தடி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும், மற்ற நாட்களில் நான் மட்டும். ஜன்னலடியில் இருந்த காகிதப்பூச் செடியை வேரோடு எடுத்தோம். விறகைத் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கினேன். வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த மர வேலியில் இரண்டு பலகைகளைப் பெயர்த்தோம். கூரைக்கு அடியில் உள்ள காற்றுத்துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை அடித்தேன். சுற்றிலும் சரளைக்கல் கொட்டிப் பரப்பினோம். நான் டேப்பை வைத்து அளந்து அளந்து பார்த்தேன். ஐந்தடி, ஐந்தடி, ஐந்தடி ஓரங்குலம்.

மத்ரீனா சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார். "என்னடி நெய்டா, வீட்டுக்குச் சவரம் பண்றீங்களா?"

"அம்மா சொன்னாங்க" என்றேன்.

"அடேயப்பா, ரெண்டு வார்த்தை! இன்னைக்கு மழை வரும்."

டிசம்பரில்தான் சிக்கல் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பனி பெய்தால் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. அதனால் இங்கே பனிமனிதனைக் காய்ந்த முட்பந்துகளை வைத்துத்தான் செய்வார்கள். பாலைவனத்தில் அடித்தண்டு முறிந்து காற்றில் உருண்டு திரியும் முட்புதர்கள் அவை. வேலியில் வந்து சிக்கியதில் பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்று எடுத்து, ஒரு இரும்புக் கம்பியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்தி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நிற்கும். அம்மாவுக்கும் மத்ரீனாவுக்கும் வருடா வருடம் போட்டி. ஒரு தீக்குச்சி பட்டால் அந்த முள் எவ்வளவு வேகமாக எரியும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செய்வார்கள்.

இந்த வருடம் மத்ரீனா வீட்டு முன்னால் ஒரு பனிமனிதக் குடும்பமே நின்றது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். எங்கள் வாசல் காலி.

"என்ன கொமாத்ரே, தோத்துப்போயிடுவோம்னு பயமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"முதுகுவலி. இந்த வருஷம் குனிய முடியல."

"சரளைக்கல் கொட்டறதுக்கு மட்டும் முதுகு நல்லாயிருந்துச்சா?"

"அதனாலதான் வலி" என்று அம்மா சிரித்தாள். மத்ரீனா சிரிக்கவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்துவிட்டு, "சூடா ஒத்தடம் குடு" என்று சொல்லிப் போனார்.

பத்தாம் தேதியிலிருந்து நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பதினாறாம் தேதி காலை வரை யாரும் வரவில்லை. ஆனால் தபாலைப் பார்த்தாக வேண்டும். எங்கள் தெருவின் தபால் பெட்டிகள் எல்லாம் ஒன்றரை மைல் தள்ளி, தார்ச்சாலை முனையில் வரிசையாக நிற்கின்றன. கம்பெனியிலிருந்து ஏதாவது கடிதம் வந்து கிடந்தால்? ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தேன். பெட்டியில் ஒன்றுமில்லை. திரும்பும்போது காற்று ஆரம்பித்துவிட்டது, பல்லில் மண் கடித்தது.

எங்கள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, ஒரு பனிமனிதன் நின்றான்.

அம்மா செய்வதைவிடப் பெரியவன். பெயிண்ட் இன்னும் காயவில்லை. கழுத்தில் சிவப்புத் துணி. தலையில் மத்ரீனாவின் கணவர் சுரங்க வேலைக்குப் போட்டுப்போன மஞ்சள் அலுமினியத் தலைக்கவசம். யாரையும் தொட விடமாட்டார், அந்தத் தலைக்கவசத்தை. எதிரே மத்ரீனா தன் வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்காட்டினார். "எப்படி? உங்கம்மா முதுகுக்கு என் பரிசு!"

காரிலிருந்து ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேமரா. முதலில் பனிமனிதனைத்தான் பார்த்தார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"வீட்டுக்காரப் பொண்ணா நீ?"

தலையாட்டினேன்.

"இது என்ன?"

"சார். இது காலையில இல்ல. நான் தபாலுக்குப் போயிருந்தேன்."

"இப்ப இருக்கே. வந்தப்ப என்ன இருக்கோ அதைத்தான் நான் எடுக்க முடியும், பாப்பா." வீட்டைச் சுற்றியிருந்த சரளையை ஒரு முறை பார்த்தார். குனிந்து, சரளையின் ஓரத்தில் நான் சுண்ணாம்பால் போட்டிருந்த ஐந்தடிக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "நான் எப்பவும் பின்பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பேன். முன்பக்கம் கடைசி."

சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

கம்பியைப் பிடித்து இழுத்தேன். சரளைக்குள் ஆழமாக இறக்கியிருந்தார் மத்ரீனா. ஆட்டி ஆட்டிப் பிடுங்கியபோது பனிமனிதன் மொத்தமாக என் மேல் சாய்ந்தான். தலைக்கவசம் கல்லில் விழுந்து சத்தம் போட்டது. முகத்திலும் கழுத்திலும் முள். பாதை வரை இழுத்து வந்ததும் கம்பி நழுவி மூன்றும் பிரிந்துவிட்டன. நடுத்தரத்தையும் சின்னதையும் அள்ளிக்கொள்வதற்குள் பெரியது காற்றில் உருண்டு, நேராகத் திரும்பிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி! என்னடி பண்றே?" மத்ரீனா கத்திக்கொண்டே சாலையைத் தாண்டினார். "விடியக்காலையிலேருந்து செஞ்சேன்டி அதை! உனக்கென்ன பைத்தியமா?"

கேமராச் சத்தம் கிழக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மூலைதான்.

"இன்சூரன்ஸ்காரர்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "இன்சூரன்ஸ்காரர் வந்திருக்கார் மத்ரீனா! சுவத்துக்கிட்ட இது இருந்தா வீடு போயிடும்!"

மத்ரீனா ஒரு நொடி நின்றார். பிறகு என்னைத் தாண்டி ஓடினார், அறுபத்திரண்டு வயதில். பெரிய பந்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, பின்பக்கமாகவே நடந்து பாதைக்கு வந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பாரத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றோம்.

இன்சூரன்ஸ்காரர் மூலை திரும்பி வந்தார். முன்பக்கத்தை ஒரு படம் எடுத்தார். பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று. எங்களை அவர் பார்க்கவே இல்லை.

"ஊமைச்சி, இதை முன்னாடியே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்ன?" மத்ரீனா என் காதில் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "இந்தக் குண்டன் என் புருஷனைவிட மோசமா குத்தறான். எந்தக் கம்பெனிடி? உங்களை எடுத்தா என்னை எடுக்க மாட்டாங்களா? இரு, நானே கேக்கறேன்."

"வேணாம் மத்ரீனா."

"ஏன் வேணாம்? கேட்டா காசா?"

இன்சூரன்ஸ்காரர் கேமராவை உறைக்குள் வைத்துக்கொண்டே வந்தார். "சுத்தமா இருக்கு. நாலு பக்கமும் குறை ஒண்ணும் இல்ல. ஒரு வாரத்துல பத்திரம் வந்துடும், பாப்பா."

கையிலிருந்த இரண்டு பந்துகளையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சார்," என்றார் மத்ரீனா, பந்துக்கு மேல் எட்டிப்பார்த்து. "எதிர் வீடு என்னுது. அந்தப் பொம்மையெல்லாம் இன்னைக்கே எடுத்துடறேன். நாளைக்கு வந்து பாருங்களேன்."

"மன்னிக்கணும்மா. இந்தப் பக்கத்துல நாலு வீடுதான் எடுத்துக்கறாங்க. இது நாலாவது."

"இன்னொண்ணு சேத்துக்க மாட்டாங்களா?"

"இல்லம்மா. முன்னாடியே கூப்பிட்டவங்களுக்குத்தான்." கையிலிருந்த தாளைப் புரட்டினார். "இந்த வீட்டுக்கு நவம்பர் மூணாம் தேதியே பேர் எழுதியாச்சு. பக்கத்துல இருந்துகிட்டு உங்களுக்குத் தெரியாமப்போச்சே."

கார் கிளம்பிப் போயிற்று. புழுதி எங்கள் மேல் வந்து படிந்தது.

மத்ரீனா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெறும் ஜன்னலடி, சரளை, வலை அடித்த காற்றுத்துளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் உதட்டிலிருந்து சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. அவர் கன்னத்தில் முள் கீறி ஒரு சொட்டு ரத்தம் நின்றது.

"அம்மா சொல்றதாதான் இருந்தாங்க" என்றேன். "கையெழுத்தானதும்."

கையை நீட்டினார். என்னிடமிருந்த இரண்டு பந்துகளுக்காக என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. கொடுத்தேன். மூன்றையும் எப்படியோ ஒன்றாகச் சேர்த்து அணைத்துக்கொண்டார். தலைக்கவசம் சுவரோரம், ஐந்தடிக்குள்ளேயே கிடந்தது. நான் ஓடி எடுத்துவந்து நீட்டியபோது அவர் சாலையில் பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

"மத்ரீனா!"

நாள் முழுதும் பேசுகிறவர். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தால்கூட அதோடு நின்று பேசுவார். திரும்பாமல் நடந்து, தன் ஐந்து பனிமனிதர்களையும் தாண்டி உள்ளே போனார்.