கவனம் என்றொரு பொத்தான்

இணைய வகுப்பில் பிள்ளைகளின் மனசு எங்கே மேய்கிறது என்று வகுப்பு நடத்தும் கம்பெனிக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக அவர்களின் முகத்தைப் பார்த்து சலிப்பு, குழப்பம், மகிழ்ச்சி, கவனம் என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அமுக்குவதுதான் அவளுடைய வேலை. நாளுக்கு அறுநூறு முகம், இடுப்பு ஒடிந்துவிடும்.

அன்று ரெட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி கணக்குப் பாடத்தில் கொட்டாவி விட்டாள். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து பளாரென்று அறைந்தது. நெற்றி மேசையில் மோதியது. நிமிர்ந்தவள் இமைகூடக் கொட்டாமல் பாடத்தையே வெறித்தாள்.

“சார், பிள்ளையைப் போட்டு அடிக்கிறாங்க சார்!”

மேற்பார்வையாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “கண்ணு தொறந்திருக்கா? பாடத்தைப் பாக்குதா? அப்ப கவனம். அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போம்மா.”

வேலை போய்விடுமே என்று அமுக்கித் தொலைத்தாள்.

மறுநாள் அதே சிறுமி திரையில் வந்தாள், உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி. படத்துக்குக் கீழே, முதல்நாள் சிறுமியின் வீட்டுக்குக் கம்பெனி அனுப்பிய செய்தி இருந்தது: ‘உங்கள் மகளின் கவனம் கூடியிருக்கிறது. உங்கள் முயற்சியைத் தொடருங்கள்.’

அதைப் படித்தவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு போய் மேற்பார்வையாளரின் மூஞ்சியிலேயே ஒரு போடு போட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

“அட, கண்ணு சிமிட்டாமப் பாக்குறீங்களே சார்! கவனம்னு போட்டுடவா?” என்று கேட்டுவிட்டு, மறுபடி ஓங்கினாள்.