பிரசிடென்ட் வீட்டுக் கூரை

எங்கள் தீவின் கால்பந்துச் சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஆள் நான் ஒருத்திதான். வேதியியல் படித்தவள். தீவில் இருக்கும் ஒரே ஆய்வகம் ரம் ஆலையுடையது. அங்கே வேலை காலி இல்லை. அதனால் சங்கத் தலைவர் இக்னேஷியஸ் ப்ராஸ்பரின் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஊரே அவரை பிரசிடென்ட் என்று கூப்பிடும். அவர் என்னை சயின்டிஸ்ட் என்பார்.

இளம் வீரர்களுக்குப் பயிற்சி மையம் கட்டச் சொல்லி உலகக் கால்பந்துத் தலைமையகம் எங்களுக்குப் பணம் அனுப்பியிருந்தது. பிரசிடென்ட் அதில் குன்றின் மேல் தனக்கு வீடு கட்டினார். கீழ்த்தளம் முடிந்து, மேல்தளத்துக்குச் சுவர் எழும்பியதும் பணம் தீர்ந்துவிட்டது. கூரைக்குப் பதிலாக நீலத் தார்ப்பாய். காற்றடித்தால் அது படபடக்கும் சத்தம் கடற்கரை வரை கேட்கும்.

"புயல் காலம் வருது பிரசிடென்ட். கூரை வருதா?" என்று கேட்பார் அவர் மனைவி ஃபிலோமின். கோபம் வந்தால் மட்டும்தான் அவரும் பிரசிடென்ட் என்பார்.

"என் கையில ஒரு வோட்டு இருக்குடி. கூரை எங்க போயிடும்?"

அந்த வருடம், இளையோர் உலகப் போட்டியை எங்கே நடத்துவது என்று வாக்கெடுப்பு. பெரிய நாட்டுக்கும் ஒரு வாக்கு, எங்கள் தீவுக்கும் ஒரு வாக்கு. போட்டியைத் தன் மண்ணில் நடத்த அமெரிக்கா விரும்பியது. எங்களை அங்கே ஓஹையோ மாநிலத்துக்கு அழைத்தார்கள்.

பிரசிடென்ட் எதையும் நேராகக் கேட்கமாட்டார். கார் வேண்டியிருந்தபோது ஒரு நாட்டு விருந்தில், "எங்க பிள்ளைங்க மைதானத்துக்கு நடந்தே போகுதுங்க" என்றார். கார் வந்தது. இன்னொரு நாட்டில், "பிள்ளைங்களுக்குக் குடிக்கச் சில்லுனு தண்ணிகூட இல்ல" என்றார். இரட்டைக் கதவு வைத்த ஃப்ரிட்ஜ் வந்தது. கேட்பவர்களுக்குப் புரியும். குரலைத் தாழ்த்தி அவரை பால்கனிக்கு அழைத்துப் போவார்கள்.

ஓஹையோவில் எங்களை வரவேற்றவர் டார்லீன் ஹாஃப்ஸ்டெட்டர். போட்டியைக் கேட்டு வாங்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி. மூன்று மகள்களும் கால்பந்து ஆடுகிறவர்கள். விமான நிலையத்திலேயே பிரசிடென்ட்டை இக்கி என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் மைதானங்களைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மைதானங்கள், குழந்தைகள், ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தும் பெற்றோர்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப இங்க வெறும் சோளம்தான் இக்கி."

"இத்தன பிள்ளைக்கும் யாரு செலவு பண்றது?"

"அப்பா அம்மாதான். சீசனுக்கு ரெண்டாயிரம் டாலர் கட்டுவாங்க."

பிரசிடென்ட் என் காதருகே குனிந்தார். "விளையாட விடுறதுக்குப் பெத்தவங்ககிட்டயே காசு வாங்குறாங்க. நாம ஏன் இத யோசிக்கவே இல்ல, சயின்டிஸ்ட்?"

மாலையில் டார்லீன் வீட்டுத் தோட்டத்தில் கறி சுட்டார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு பிரசிடென்ட் தொலைவில் எதையோ பார்த்தார். நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க மையத்துக்குக் கூரை இல்ல. பிள்ளைங்க மழையில நனையுதுங்க."

யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. இடுக்கியைப் பிடித்தபடி டார்லீன் அழுதார்.

பக்கத்தில் இருந்த குழுவின் வக்கீல் மட்டும் நிமிர்ந்தார். "பணம் தர முடியாது. ஒரு டாலர்கூட."

"பணமா? யாருங்க பணம் கேட்டா?" என்றார் பிரசிடென்ட், மனம் நொந்தவராக.

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "உழைப்பு தரலாம். அதுல தப்பில்ல."

டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இக்கி, அத எங்ககிட்ட விட்டுடுங்க."

திரும்பும் விமானத்தில் பிரசிடென்ட் சந்தோஷமாக இருந்தார். "கெட்டிக்காரங்க. உழைப்புன்னு பேர் வெச்சிருக்காங்க பாரு."

"அவங்க நெசமாவே உழைப்பத்தான் சொன்னாங்கன்னு தோணுது, பிரசிடென்ட்."

"உனக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். எனக்கு மனுஷங்களத் தெரியும். தூங்கு."

ஜூன் மாதம் அவர்கள் வந்து இறங்கினார்கள். இருபது பேர். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை, இடுப்பில் சுத்தியல். டார்லீனின் தேவாலயத்து ஆட்கள். பிரசிடென்ட் ஒவ்வொருவர் கையையும் குலுக்கிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதுல பணப் பையோட வந்திருக்கிறது யாரு, சயின்டிஸ்ட்?"

"யாருமில்ல, பிரசிடென்ட். தகரம் கப்பல்ல வருதாம்."

அன்று ஃபிலோமின்தான் தெளிவாக இருந்தார். "நமக்கு வேண்டியது கூரை. போட்டுட்டுப் போகட்டும். மையம்னு சொன்னா சுவர் என்ன சாட்சி சொல்லவா போகுது?"

கீழ்த்தளம் பயிற்சியாளர் குடியிருப்பு என்று அவர்களிடம் சொன்னோம். ஃபிலோமினை விடுதிக் காப்பாளர் என்று அறிமுகப்படுத்தினோம். அவர் கருவாடும் சீமைப்பலாவும் சமைத்துப் போட்டார். காலை முதல் மாலை வரை குன்றில் சுத்தியல் சத்தம். பிரசிடென்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த நாடும் இவ்வளவு சுத்தமா வேல செஞ்சு குடுத்ததில்ல," என்றார் என்னிடம்.

கடைசி நாளில் டார்லீன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

"யாரையாவது புடிச்சுட்டு வா," என்றார் பிரசிடென்ட். "ஃபோட்டோவுக்குத்தான். அரை மணி நேரம்."

மீன் துறைக்குப் பக்கத்தில், மணலில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்துப் பந்தாடும் பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தினமும் நின்று பார்ப்பேன். பேசியதில்லை. அன்று பேசினேன். மணல் காலோடு ஓடி வந்தார்கள்.

மேலே போனால், அறை முழுக்க இரண்டடுக்குக் கட்டில்கள். டார்லீன் யாருக்கும் சொல்லாமல் அதையும் கப்பலில் கொண்டுவந்து, விடியற்காலையிலேயே தரையோடு சேர்த்து போல்ட் அடித்து, பசை ஊற்றி இறுக்கியிருந்தார்.

பிரசிடென்ட் ஒரு கட்டிலின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. என்னை ஓரமாக அழைத்தார்.

"என்ன பசை இது?"

"இபாக்சி. காஞ்சா கல்லு மாதிரி இறுகிடும்."

"அவங்க போனப்புறம் ஏதாவது ஆசிட் ஊத்தினா?"

"தரைதான் போகும். போல்ட் வராது."

கடல் தெரியும் ஜன்னலோரத்தில், ஃபிலோமின் தன் கட்டிலுக்கென்று குறித்து வைத்திருந்த இடத்தில், மார்வெலின் என்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், நாளைக்கும் வரலாமா?"

டார்லீன் கேமராவைத் தூக்கினார். பிரசிடென்ட் சிரித்தார். "இது உங்க வீடும்மா."

அவர்கள் மறுநாள் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். முதல் நாள், தரையெல்லாம் மணல் என்று ஃபிலோமின் கத்தினார். இரண்டாம் நாள் வாசலில் வாளி வைத்துக் கால் கழுவ வைத்தார். வாரம் முடிவதற்குள் அவர் கழுத்தில் விசில் தொங்கியது. இரவும் தங்கட்டும் என்று சொன்னதும் அவர்தான்.

பிரசிடென்ட் தூக்கமின்றி இளைத்தார். வாக்கெடுப்புக்குப் போகும் வழியில் தன் திட்டத்தைச் சொன்னார்.

"அமெரிக்காவுக்குப் போடமாட்டேன். ஜெயிச்சா நன்றி சொல்ல வருஷா வருஷம் வருவாங்க. தோத்தா மனசு விட்டுப் போயி நம்மள மறந்துடுவாங்க. அப்புறம் மெதுவா பிள்ளைங்கள அனுப்பிடலாம். வீடு நம்ம கைக்கு வந்துடும்."

வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் எதுவும் வாங்காமல் வாக்களித்தார். அமெரிக்கா தோற்றது.

ஊர் திரும்பி, குன்றேறி, அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் டார்லீன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"இக்கி, எங்களுக்காக நீங்க எவ்வளவு போராடியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"முடிஞ்சதச் செஞ்சேன்," என்றார் பிரசிடென்ட். அது உண்மைதான்.

"போனாப் போகுது. போட்டிக்குன்னு சேத்து வெச்ச ஆளுங்க நூறு பேரு இப்ப சும்மாதான் இருக்காங்க. எல்லாரும் அங்க வரணுங்கறாங்க. இந்தத் தடவ கீழ்த்தளத்தையும் பிள்ளைங்களுக்குத் தோதா மாத்திடலாம்."

பிரசிடென்ட் தொலைபேசியை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாடியில் பிள்ளைகள் ஓடும் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டே ஃபிலோமின் வந்து அதை எடுத்தார்.

"டார்லீன், கீழ குளியலறை ரெண்டு வேணும். அப்புறம் பெரிய அடுப்பு ஒண்ணு."

"நாம எங்க படுக்கிறது?" என்றார் பிரசிடென்ட், மெதுவாக.

ஃபிலோமின் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "அத அப்புறம் பேசலாம். நீங்க போய் வாளியில தண்ணி புடிச்சு வைங்க. பிள்ளைங்க இறங்கி வர்ற நேரம்."