தாயுமானவருக்கு ஒரு தார்

சின்னையனுக்குப் பன்னிரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. மகள் ஜோதி திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறாள். இவரானால் காலில் சக்கரம் கட்டியவர் மாதிரி வாசலுக்கும் டீக்கடைக்குமாக அலைகிறார். வார்டுக்குள் மட்டும் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

தலைப்பிரசவம். பிள்ளை செத்துப் பிறந்தது. ஜோதிக்கு ரத்தப்போக்கு நிற்காமல், பிழைப்பாளா மாட்டாளா என்று ஒன்பது நாள் இழுத்துப் பறித்து, அப்புறம்தான் கண் திறந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றார். சின்னையன் அவர் மேல் பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே, அதை ஆஸ்பத்திரியே பார்த்தது. "போனது தலைப்பாகை இல்லைங்க, எம் பேரப்புள்ள" என்று கத்தினார். அதோடு ஆறுதல் சொல்ல ஆள் வருவது நின்றது.

அன்று காலை மனைவி ராசாத்தி வெளியே வந்தாள்.

"தீட்டு கழிஞ்சிருச்சுங்க. முசிறிக்குப் போயி நம்ம தோட்டத்துப் பூவன் வாழைத்தாரை வெட்டிட்டு வாங்க. மலைக்கோட்டையில செலுத்திடலாம்."

பிரசவம் நல்லபடியாக ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துவது வழக்கம். மகள் உண்டான அன்றே ராசாத்தி வேண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன நல்லபடியா ஆச்சு? ஒரு உசுர வாங்கிட்டாரு. அதுக்குக் கூலியா நான் தார் தூக்கணுமா?"

"கத்தாதீங்க, அவளுக்குக் கேக்கும். தினம் கேக்குறா, அப்பா ஏன் வரலை, புள்ளையப் பறிகொடுத்துட்டேன்னு எம்மேல கோவமான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

மகள் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று பயந்து ஒளிந்து திரிந்த மனிதர் சின்னையன். அந்தப் பாவிப்பெண் அதை இப்படியா எடுத்துக்கொள்வாள்? விடுவிடுவென்று போய் முசிறி பஸ்ஸில் ஏறினார்.

சாயங்காலம் தாரும் தோளுமாகத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். மலைக்கோட்டையில் படிக்கு ஒரு வசவாகச் சாமியைத் திட்டிக்கொண்டே ஏறினார். சந்நிதியில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கைக்குழந்தைக்காரர்கள். ஒரு குழந்தை இவரைப் பார்த்துச் சிரித்தது. திரும்பிவிடலாமென்று நாலு எட்டு நடந்தும் விட்டார். மகள் கேட்ட கேள்விதான் அவரைத் திரும்ப வரிசைக்கு இழுத்து வந்தது.

"குழந்தை பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

பேர் வைக்கக்கூடப் பிள்ளை தங்கவில்லையே.

"ஜோதி. ரோகிணி நட்சத்திரம்."

"குழந்தையக் கொண்டு வரலையா?"

"ஆஸ்பத்திரியில இருக்கு சாமி. இருபத்தஞ்சு வயசு. பொழைச்சுருச்சு."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. கை தானாகக் கும்பிட்டது. திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.

குருக்கள் பிரசாதமாகக் கொடுத்த பழச் சீப்போடு நேராக வார்டுக்குள் போனார். ஜோதி வற்றிப்போய்ப் படுத்திருந்தாள். பழத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"புள்ளதான் போயிருச்சே. எதுக்குப்பா தார் செலுத்துனீங்க?"

"எம்புள்ள பொழைச்சதுக்கும்மா" என்றவர் அதற்குமேல் முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜோதி ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கப்பா" என்றாள். "நான் இருக்கேன்ல."