ஒச்சப்பனின் இடது காதுக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல. ஒரு பெண் வந்து கேட்டதால் எழுதுகிறேன்.

போடியில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து வரும் காயைச் சலித்து, தரம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்புவது பிழைப்பு. கதை எழுதுவது கெட்ட பழக்கம். புரட்டாசிக் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், செல்லத்தாய் குடையை மடக்கியபடி என் குடோனுக்குள் வந்தார். என் சரக்கை மலையிலிருந்து இறக்கும் ஜீப் ஓட்டுநர் ஒச்சப்பனின் மனைவி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க கதையெல்லாம் எழுதுவீகளாமே?"

"ஏதோ எழுதுவேன் தாயி."

"அப்ப எங்க வீட்டுக் கதைக்கு ஒரு முடிவு எழுதிக் குடுங்க. அந்தச் சத்தத்தை எங்க வீட்டுக்குள்ள விட்டது நீங்கதான. தீவாளிக்கு எங்கண்ணன் ராசிங்காபுரத்துக்குக் கூப்பிட்டிருக்காக. போனா நான் திரும்பி வர மாட்டேன். அதுக்குள்ள எழுதுங்க."

கதை எழுதுகிறவனிடம் வாழ வழி கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் போன பிறகு பயமாக இருந்தது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"ஒச்சப்பனின் ஊரான தேவாரத்தில், மலையை ஒட்டிய தோட்டத்தில், மக்காச்சோளம் பால் பிடித்திருந்த நாளில் யானை இறங்கி—"

அடித்துவிட்டேன். யானையோடு தொடங்கினால் வாசகர் கடைசிவரை யானைக்காகவே காத்திருப்பார். அது அன்றைக்கே மலையேறிப் போய்விட்டது. இனி வராது.

"இசை என்பது—"

இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.

"ஒச்சப்பனின் இடது காதில் ஒரு சத்தம் கேட்கிறது."

இது போதும். யானையை விரட்டப் பற்றவைத்த வெடி, வீசும் முன்பே காதருகில் வெடித்தது. விரல்கள் தப்பின. முகம் தப்பியது. காதுக்குள் மட்டும் ஒரு கூர்மையான சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"வெள்ளிக் கம்பியை இழுத்துக்கிட்டே இருக்கிற மாதிரிண்ணே. அறுந்தும் தொலைய மாட்டேங்குது."

டாக்டர், சத்தம் வெளியே இல்லை, நரம்பில் இருக்கிறது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். குறி சொல்லும் கோடாங்கி, குலசாமி கூப்பிடுகிறது என்றார். ஒச்சப்பனுக்கு அதில்தான் கோபம் அதிகம். "கூப்பிட்டா என்னன்னு சொல்லணும்ல? சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா மனுசன் என்ன செய்யிறது?"

பகலில் பாதகமில்லை. விடியும்போது காயெடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போய்விடுவார். ஜீப்பின் இரைச்சல் காதின் சத்தத்தை அமுக்கிவிடும். இரவுக்கு மாத்திரை இருந்தது. ஜீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவில் கிடக்கும் மாலையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அதனால் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். தெருவே டீசல் புகையில் இருமியது. செல்லத்தாய் வீட்டுக்குள் தனியாக இருந்தார். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் இருவரும் பேசுவார்களாம். செல்லத்தாய் ஊர்க்கதையெல்லாம் சொல்ல, ஒச்சப்பன் ம் கொட்டுவார். வெடிக்குப் பிறகு எதைச் சொன்னாலும் "ஆங்?" என்றார். ஒன்றை மூன்று தடவை சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? செல்லத்தாய் பேச்சை விட்டுவிட்டார்.

[அடுத்து வருவதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் இது வெறும் காதுவலிக் கதையாகிவிடும். அதனால் இருக்கட்டும்.]

ஒருநாள் மூட்டை இறக்கும்போது ஒச்சப்பன் சாதாரணமாகச் சொன்னார். "மலைப்பாதையில முந்தலுக்கு மேல ஒரு வளைவு இருக்குண்ணே, கீழ பெரும்பள்ளம். ஆளுகளை எறக்கிவிட்டுட்டுக் காலி வண்டியா வர்றப்ப, அங்க மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிர்றேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்யத் தெரியும்?

3

இப்போது நான் கேட்கும் இசையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் எழுந்து போய்விடாமல் இருக்க, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இப்போது வாழ்கிறவர்கள் எழுதுவது. அதிலும், பழைய இலக்கணத்தை உடைத்துப் போட்டுவிட்டு, உடைந்த துண்டுகளைத் தட்டித் தட்டி என்ன கேட்கிறது என்று பார்க்கிறவர்கள் எழுதுவது. தாளம் இருக்காது. மெட்டு இருக்காது. பியானோவின் மூடியைத் திறந்து கம்பியைச் சுரண்டுவார்கள். என் குடோனில் சுவரெங்கும் மூட்டை அடுக்கியிருப்பதால் எதிரொலி கிடையாது. கேட்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. காய் பொறுக்கும் பெண்கள், "மொதலாளிக்கு ரேடியோவுல இன்னும் ஸ்டேசன் கிடைக்கல" என்று சிரிப்பார்கள்.

ஏன் கேட்கிறேன்? ஒரு பாட்டின் முதல் வரியிலேயே நான் எங்கே உருகவேண்டும் என்று எனக்குத் தெரிந்துபோகிறது. உருகியும் விடுகிறேன். அது எனக்கு அலுத்துவிட்டது. இந்த இசை எதையும் சொல்லித் தருவதில்லை; வா என்றும் சொல்லாது, போ என்றும் சொல்லாது. சில நாள் தலைவலி வந்து நிறுத்தியிருக்கிறேன். சில நாள், ஏன் என்று தெரியாமல், நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது, எங்கோ குளிர்தேசத்தில் இருக்கும் ஒரு பெண்மணி நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதியது. எடுத்த எடுப்பில் மிக உச்சத்தில் ஒரு சுரம். அதை விடாமல் இழுப்பார்கள். அதன் பக்கத்தில், ஒட்டியும் ஒட்டாமலும், இன்னொன்று. பிறகு இன்னொன்று. முக்கால் மணி நேரமும் அவ்வளவுதான்.

ஒச்சப்பன் தோளில் மூட்டையோடு உள்ளே வந்தவர், அதை இறக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன ஒச்சப்பா, மூச்சுப் பிடிச்சிருச்சா?"

கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். மெல்ல மூட்டையை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தார். முகம் பிள்ளை முகமாக இருந்தது.

"காணோம்ணே."

"எது?"

"அந்தச் சத்தம். இதுக்குள்ள போயிக் கலந்திருச்சு. ஜீப்பு அதை அமுக்கத்தான் செய்யும்ணே, அடியில கெடந்து நெளியும். இது சேத்துக்கிருச்சு."*

* காதின் சத்தம் போகவில்லை, அதற்குத் துணை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். "கூட்டத்தோட கூட்டமாப் போயிருச்சுன்னு சொல்லுங்க" என்றார். இந்த இடத்தில் பொட்டிபுரம் மலையைக் குடைந்து எதையோ பிடிக்கப் பார்த்தார்களே, எல்லார் உடம்பையும் ஊடுருவிப் போனாலும் யாருக்கும் தெரியாத அந்த நியூட்ரினோ துகளை உவமையாக்கலாம் என்று நினைத்தேன். ஒச்சப்பனின் சத்தம் அவருக்குத் தெரிகிறதே, அதுதானே பிரச்சினை. விட்டுவிட்டேன்.

அந்த இசையை அவர் போனில் ஏற்றி, என் பழைய ஸ்பீக்கர் ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு வெகு சந்தோஷம். நான் கேட்கும் இசையால் இந்த உலகத்தில் ஒருவருக்காவது உபயோகம் உண்டு என்று.

4

ஜீப் எஞ்சின் அணைந்தது. தெரு மூச்சு விட்டது. ஒச்சப்பன் மாலையில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

செல்லத்தாய் வெளியே போனார்.

"தகரத்தை ஆணியால கீறுற மாதிரி இருக்குண்ணே. பல்லு கூசுது. நானும் பொறுத்துத்தான் பாத்தேன். முடியல" என்று பின்னால் என்னிடம் சொன்னார். போக இடமில்லாமல் வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வாராம். முடிந்ததும் இறங்கி உள்ளே போவாராம். முன்பு ஒச்சப்பன் ஜீப்பிலும் இவர் வீட்டிலுமாக இருந்தார்கள். இப்போது இவர் ஜீப்பிலும் அவர் வீட்டிலும். என் இசை செய்த சாதனை அது.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அதை முதல் தடவை வந்தபோது அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அதனால் இங்கே எழுதவில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். அடுத்த வாரம் செல்லத்தாய் வந்தபோது படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் ஒச்சப்பன் ஹெட்போன் வாங்குகிறார். செல்லத்தாய் கையை அசைத்தார். "காதை அடைச்சுக்கிட்டா அப்புறம் கூப்பிட்டாக்கூடக் கேக்காது. இப்பவே பாதி ஆளுதான் வீட்டுல இருக்கு. மீதியும் போயிரும்."

இரண்டாவது முடிவு: "ஒரு நாள் காலையில் ஒச்சப்பன் கண்விழித்தபோது காதில் சத்தமே இல்லை. முதலில் ஒரு குருவி—"

"நடக்குமாண்ணே?"

"டாக்டர் நடக்காதுன்னுதான் சொன்னாராம்."

"பெறகு எதுக்கு எழுதுறீக? இதுக்கு அந்தக் கோடாங்கியே தேவல."

மூன்றாவதில் செல்லத்தாய் ராசிங்காபுரம் போகிறார். அதை நன்றாகவே எழுதியிருந்தேன். பஸ் ஜன்னல், மடியில் பை, பின்னால் நகர்ந்து போகும் மலை. முழுக்கக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எழுத்தாளனாக நான் பூரித்துப்போன நிமிடம் அது.

"நல்லா இருக்கு. அழுகையா வருது" என்றார். பிறகு, "அவுகளுக்கு யாரு சோறாக்குறா?"

"அதை எழுதல தாயி."

"அதை எழுதாம என்னைய எப்படிப் பஸ்சு ஏத்தி விட்டீக?"

காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

6

"அதைப் போடுங்க" என்றார் செல்லத்தாய். "முழுசா நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துர்றேன்."

அன்று காய் பொறுக்கும் பெண்கள் வேலை முடிந்து போயிருந்தார்கள். சல்லடை இயந்திரமும் ஓடவில்லை. மழையும் விட்டிருந்தது. மூட்டைமேல் உட்கார்ந்தார். போட்டேன்.

[இங்கே ஓர் ஆசை வந்தது: இசை செல்லத்தாயின் மனதைத் திறந்தது, அதன் அழகு அவருக்குப் புரிந்தது என்று எழுத. பொய். அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். கீழே கிடந்த ஏலக்காய்களைப் பொறுக்கி உரித்து உரித்துப் போட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.]

அந்த இசையில் முடிவு திடீரென்று வரும். கத்தரியால் வெட்டியதுபோல நிற்கும். நின்றபிறகு, வாசிக்கிறவர்கள் தந்தியை உரசும் வில்லை இறக்காமல் வெகுநேரம் அசையாதிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார் அந்தப் பெண்மணி. அந்த மௌனமும் இசையில் சேர்ந்ததுதான்.

நின்றது.

"அப்பாடா" என்றார் செல்லத்தாய். தோள் இறங்கியது. வாய் கொஞ்சம் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அண்ணே, எனக்கு நின்னுருச்சு. அவுகளுக்கு?"

நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"அவுகளுக்கு இப்பத்தான ஆரம்பிக்கும்?"

"ஆமா தாயி."

மடியில் கிடந்த ஏலக்காய்த் தோலைத் தட்டிவிட்டார்.

"தெனமும் அது நிக்கிற வரைக்கும் ஜீப்புல உக்காந்திருப்பேன். நின்னதும் அப்பாடான்னு எறங்கி உள்ள போவேன். நான் வாசல்ல கால வைக்கிறதும் அவுக மூஞ்சி ஒரு மாதிரி கோணிக்கிரும். ஒரு நாள் தப்பாம." குரல் உடைந்தது. "என்னையப் பாத்துத்தான் மூஞ்சியச் சுளிக்கிறாகன்னு நெனச்சேன்ணே. நான் வர்றதே பிடிக்கலன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ராசிங்காபுரம் போறேன்னேன்."

எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க அந்த இசையைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தேன். நல்லவேளை, அவர் காதில் வாங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முடிவெல்லாம் எழுத வேணாம்ணே. முடிஞ்சாத்தான் அவுகளுக்கு ஆரம்பிக்குது. முடிக்காதீக."

7

ஆகவே முடிக்காமல் எழுதவேண்டும். அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தீபாவளி போய்விட்டது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஒச்சப்பன் மூட்டைகளோடு ஒரு தூக்குவாளியையும் இறக்கினார். உள்ளே தோசைமாவு. "வீட்டுல மிஞ்சிப்போச்சுண்ணே" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மாவு. என் வீட்டில் தோசை, இட்லி, மறுபடி தோசை. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். அப்புறமும் வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னப்பா, வீட்டுல ஓட்டல் வச்சிருக்கீகளா?"

ஒச்சப்பன் வெட்கப்பட்டார். "நான் இழுவைப் பாட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்ல? இப்ப அவ ஜீப்புக்குப் போறதில்ல. பஞ்சைக் காதுல வச்சுக்கிட்டு அடுப்படியிலயே ஏதாவது சோலியப் பாக்குறா. பாட்டு நிக்கப்போற நேரம் அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுருதுண்ணே. வெரசா கிரைண்டரைப் போட்டுவிட்டுர்றா. நின்னதே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் கிரைண்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு பேச ஆரம்பிச்சிருவா. விட்டுப்போனதையெல்லாம் சேத்துவச்சுப் பேசுறா."

"அந்த இரைச்சல்ல என்ன கேக்கும் உங்களுக்கு?"

"பாதி கேக்கும்ணே. மீதிய நானே போட்டுக்கிருவேன்."

முந்தலுக்கு மேலே உள்ள வளைவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அதற்குள் அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இதுதான் முடிவு என்று நீங்கள் நினைத்தால், நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிரைண்டரும் நிற்கத்தானே வேண்டும்? மாவு பதமானால் நிறுத்தியே ஆகவேண்டும். அதன்பிறகு செல்லத்தாயின் பேச்சு மட்டும்தான் இருக்கும். பேச்சுக்கும் ஒரு நேரத்தில் மூச்சு வாங்கும். அப்போது—

எழுதமாட்டேன். சொல்லியிருக்கிறார்.

வாசகரே, இந்தப் பக்கத்தைத் தாண்டியதும் உங்கள் அறையில் ஓர் அமைதி வரும். எனக்கும் உங்களுக்கும் அது அமைதிதான். தேவாரத்தில் ஒரு வீட்டில் அதற்குப் பெயர் வேறு. அங்கே இப்போது சாயங்காலம். அரிசி ஊறியிருக்கிறது. செல்லத்தாயின் ஒரு கை கிரைண்டர் சுவிட்சில் இருக்கிறது. அவர் ஒருவராகவே எவ்வளவுதான் பேசுவார்? நான் நிறுத்துகிற இடத்திலிருந்து நீங்கள் ஏதாவது பேசுங்கள். எதைப் பற்றி என்றாலும் சரி. பாதி கேட்டால் போதும்.