பின்சீட்டுச் சாய்மானம்

நைட்டியைத் தோள்வரை தூக்கிவிட்டு ஈரத்துணியால் தங்கை குட்டியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளின் கை பாதியில் நின்றது. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, விரல் தடிமனில், குறுக்காக ஒரு கறுத்த கோடு. படுத்துப் படுத்து வருகிற புண் இல்லை. அதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது நாள்பட்டது. தோல் அங்கே தடித்துக் காய்த்துப்போய், ஓரங்களில் மட்டும் மஞ்சளாகக் கன்றியிருந்தது.

"என்னடி இது?"

"எது?" என்றாள் குட்டி, சுவரைப் பார்த்தபடியே.

பெரியவள் லேசாகத் தொட்டுக் காட்டினாள். குட்டியின் உடம்பு சுருங்கியது.

"அதுவா. பைக்ல இடிக்கும்."

பெரியவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிறுநீரகம் கெட்டபின் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது குட்டிக்கு. ஆட்டோவில் ஏறினால் குமட்டுகிறது, முகத்தில் காற்று பட்டால்தான் முடிகிறது என்று புருஷனின் பைக்கில்தான் போய்வருவாள். போகும்போது சரி. வரும்போது துவண்டுபோய், நிமிர்ந்து உட்காரவே தெம்பிருக்காது. பின்னால் சாய்ந்து விழுந்துவிடாமல் இருக்க அவர் ஒரு சாய்மானம் செய்து மாட்டினார். கடையில் விற்கிற எதுவும் அந்தப் பழைய வண்டிக்குப் பொருந்தவில்லை. ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்கிற வெல்டர் ஒருவரிடம் சொல்லி, கம்பியை வளைத்து, ஸ்பாஞ்ச் வைத்து ரெக்சின் தைத்து வாங்கியது. அன்றைக்கே பெரியவளின் போனுக்குப் படம் வந்தது. பொண்ணு பார்க்கப் போட்டோ அனுப்புவதுபோல முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று.

"இடிக்குதுன்னு அவருகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"லீவு போட்டுட்டு அந்தப் பட்டறையிலயே நின்னு செஞ்சுட்டு வந்தாருக்கா. ஏறி உக்காந்ததும் எப்படி இருக்குன்னு கேட்டாரு. சோபா மாதிரி இருக்குன்னுட்டேன்." குட்டி மூச்சு வாங்கினாள். "சொன்னத எப்படி அப்புறம் மாத்தறது? நீயும் சொல்லிடாத."

பெரியவள் பதில் சொல்லத் திரும்பியபோது கதவருகே அவர் நின்றிருந்தார். வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணி சுற்றிய இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். திறந்து கிடந்த முதுகை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டுப் போனார். குட்டி சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்ததால் அவளுக்குத் தெரியாது.

சற்றுநேரத்தில் வாசலில் ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

பெரியவள் முந்தின நாள்தான் வந்திருந்தாள். சொந்தத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் அவளுக்குத்தான் போன் வரும். அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கடைசியில் புருஷனையும் பார்த்து அனுப்பினாள். வலி தெரியாமல் புரட்டிப் போடவும், மூடிய உதட்டுக்குள் மாத்திரையைச் செலுத்தவும் அவளுக்குக் கை பழகிவிட்டது. அதை யாராவது பாராட்டினால் எரிச்சலாக வரும். இந்தத் தடவை பையில் துணியை அடுக்கும்போதே முதுகு வலித்தது. உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் குட்டி, "நீ வந்துட்டியா? அப்ப டாக்டர் சொன்னது நெஜந்தான்" என்று சிரித்தாள்.

டாக்டர் சொன்னது பெரிதாக ஒன்றுமில்லை. இதயம் தாங்காது, இனி அழைத்து வரவேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். குட்டிக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் அடுத்த வியாழக்கிழமை போகவேண்டும் என்று காலையிலிருந்து இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாள். அவரும் ஒவ்வொரு தடவையும் சரி என்றார்.

மதியம் அடுத்த வீட்டு டீச்சர் பார்க்க வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. சுற்றிலும் நட்டும் போல்ட்டும் ஒரு செய்தித்தாளில் பரப்பிக் கிடந்தன. டீச்சர் புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி வந்தார். குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது பெரியவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, இந்த நேரத்தில் மனுஷர் பக்கத்தில் இருக்கவேண்டாமா, வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் டிரில் மெஷின் வேண்டுமென்று கேட்டாராம். டீச்சரும் மறுக்க முடியாமல் கொடுத்தனுப்பினாராம். பெரியவளுக்கும் அதே எண்ணம்தான் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. தான் ஒருத்தியே தண்ணீர் கொடுத்து, துணி மாற்றி, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

குட்டி கண்ணயர்ந்ததும் வெளியே வந்தாள்.

தெருவில் எல்லோரும் அவரை மீட்டர்காரர் என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. நல்ல உயரம். குனிந்து குனிந்து மீட்டர் பார்த்தே கூன் விழுந்துவிட்டது என்று குட்டி சொல்வாள். இப்போதும் குனிந்துதான் உட்கார்ந்திருந்தார். கழற்றிய சாய்மானத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காலில் இருந்த ஓட்டையை ஓர் உருண்டை அரத்தால் அராவிக்கொண்டிருந்தார். இரும்புத்தூள் வேட்டியெல்லாம் மினுங்கியது.

"தம்பி, உள்ள வந்து அவ பக்கத்துல உக்காருங்க. இத அப்புறம் பாத்துக்கலாம்."

"வியாழக்கிழமை போகணுங்கறாளேக்கா."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." அரத்தை நிறுத்தினார். "தெரியுங்கக்கா."

அவர் தரையைப் பார்த்தபடி விளக்க ஆரம்பித்தார். வெல்டர் அளவெடுத்த அன்றைக்குக் குட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். யாராவது ஏறி உட்கார்ந்தால்தான் கம்பி எங்கே வரவேண்டும் என்று பார்க்கமுடியும் என்று வெல்டர் சொல்ல, இவரே ஏறி உட்கார்ந்தார். இவர் இடுப்புக்குச் சரியாக அந்தக் குறுக்குக் கம்பியைப் பற்றவைத்தார்கள். போதாததற்கு ஒரு பக்கத்துப் போல்ட் ஓட்டை இறங்கிப்போனதால் சட்டம் கோணிக்கொண்டது. வாஷரை அடுக்கி இறுக்கிச் சமாளித்துவிட்டார்கள். ஸ்பாஞ்ச் புதிதாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை.

"என் இடுப்பு அவளுக்குத் தோள்பட்டை. இது தோணல பாருங்க" என்றார்.

பிறகு சட்டத்தை வண்டியில் வைத்துப் போல்ட்டைக் கையால் முடுக்கிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு நிமிஷம் ஏறி உக்காருவீங்களா? நீங்களும் அவ உசரந்தான்."

பெரியவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். குட்டியின் நெஞ்சு ஏறி இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை கிடக்கும் கிடையில், பட்டப்பகலில், நின்றுகொண்டிருக்கும் பைக்கில் ஏறி உட்கார்வதை யார் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"சாஞ்சு பாருங்க. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் வரும். தலைமுடியில் இரும்புத்தூள், மூக்கு நுனியில் கிரீஸ், கண்ணில் மட்டும் அப்படியொரு கவனம். குட்டியும் இந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

"இடிக்குது" என்றாள். "தோள்பட்டைக்குக் கீழ. இடது பக்கம் ரொம்ப."

அவர் முகம் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துச் சட்டத்தில் ஒரு கோடு போட்டார். இடுப்பு எங்கே வருகிறது என்று கேட்டு, அங்கே இன்னொரு கோடு போட்டார்.

பிறகு வேலை சூடு பிடித்தது. கழற்றினார், காலில் புது ஓட்டை போட்டார், முழுச் சட்டத்தையும் கீழே இறக்கி மாட்டினார். அவளைக் கூப்பிட்டார். கம்பி இடுப்புக்கு வந்திருந்தது. ஆனால் முன்னால் தள்ளியது. பழைய டியூபை வெட்டி மடித்துக் கீழே கொடுத்து, சட்டத்தைப் பின்னால் சாய்த்தார். மறுபடி கூப்பிட்டார். இப்போது வலது பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்தது. அதையும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டு அரத்தை எடுத்தார். இடையிடையே அவள் உள்ளே போய்க் குட்டியின் உதட்டை நனைத்துவிட்டு வந்தாள். அவரும் போய்க் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார், கையெல்லாம் அழுக்கு என்பதால் எதையும் தொடாமல்.

கடைசித் தடவை அவள் ஏறி உட்கார்ந்து சாய்ந்தபோது எந்த இடத்திலும் எதுவும் இடிக்கவில்லை. முதுகு முழுக்க ஏதோ தாங்கியது, அவ்வளவுதான். பஸ்ஸில் வந்த அசதி, முந்தின இரவு தூங்காத அசதி, அதற்கும் முந்திய எத்தனையோ அசதி எல்லாம் அந்த ரெக்சின் மேல் இறங்கியதுபோல இருந்தது. இறங்க மனம் வரவில்லை. அப்படி நினைத்ததற்கே கூசியது.

"சரியா இருக்கு" என்றாள்.

"நெஜமாவா?"

"நெஜமா."

வேறு ஏதாவது இருந்தால் சொல்லிவிடும்படி கேட்டார். இல்லை என்றாள். அவர் நட்டுகளை இறுக்க உட்கார்ந்தார்.

உள்ளே குட்டி விழித்திருந்தாள். குரல் நூலாகிவிட்டது. காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்டது.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"உன் முதுகப் பாத்துட்டாரு."

குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "மூஞ்சி எப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல. சாக்பீஸால கோடு போட்டாரு."

குட்டியின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிக்கிறாள் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. "அவ்வளவுதானா?" என்றாள் குட்டி. "இதுக்கா இவ்வளவு நாள் பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன்."

வெளியே எஞ்சின் உயிர்பெற்றது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகவும், மேடு பள்ளத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியவேண்டும் என்றும் சொன்னார். குட்டி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரும் அசைத்தார். வண்டிச் சத்தம் தெருவில் மெல்லத் தேய்ந்தது.

பெரியவள் ஈரத்துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குட்டியின் மூச்சு மாறியிருந்தது. ஒன்று இழுத்து, அடுத்ததற்கு ரொம்பநேரம் யோசித்தது. பெரியவளுக்கு அது என்னவென்று தெரியும். எழுந்து ஓடிப்போய் அவரைக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. ஆனால் குட்டியின் விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்திருந்தன, சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பதுபோல. அதை விடுவிக்க அவளுக்குக் கை வரவில்லை. தெருப்பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூச்சும் நின்றது. வண்டிச் சத்தம் வரவில்லை. அவள் விரலை உருவிக்கொண்டு, தங்கையின் கண்களை மூடி, நைட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.

அவர் வந்து எஞ்சினை அணைத்தபோது பெரியவள் வாசலில் நின்றிருந்தாள்.

"கடகடங்கற சத்தமே இல்லக்கா" என்றபடி ஸ்டாண்டைக் காலால் தள்ளினார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஸ்டாண்டு சரியாக இறங்காமல் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. இருவரும் ஓடிப் பிடித்தார்கள். அதை நிமிர்த்தி நிறுத்திய பிறகும் அவர் வெகுநேரம் பிடியை விடவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. செய்தித்தாளில் கிடந்த பழைய வாஷர்களை யாரோ பெருக்கித் தள்ளினார்கள். கொண்டுபோகிற வேன் நிற்க இடமில்லை என்று யாரோ வண்டியை உருட்டி அடுத்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் விட்டார்கள். மீட்டர்காரர் சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஒருதடவை மட்டும் பெரியவளிடம் வந்து, தான் எந்தச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார். வழக்கமாக எடுத்து வைப்பவள் குட்டி.

எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் கலைந்தபின், பெரியவள் பையைக் கட்டினாள். ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அவர் கேட்காமல் சாவியை எடுத்தார். பையை டேங்க் மேல் வைத்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். தெரு முனையில், மார்க்கெட் வளைவில், தோண்டிப்போட்ட ரோட்டில் எங்கும் வண்டி குலுங்கியது. அவள் முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படி இருக்கு என்று அவர் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கால்களை ஊன்றி நின்றார். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. சரக்கு ரயில் ஒன்று அவசரமில்லாமல் போனது. கேட் மேலே எழும்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார்.

அவர் எஞ்சினைக் கிளப்பவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்துவிட்டது என்று சொல்லாமல் பெரியவள் சாய்மானத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வண்டிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.