அம்மா படுக்கும் அகலம்

வார்டில் எனக்கு வக்கீல் என்று பெயர். ஊசி போட வருகிற நர்ஸிடம்கூட ஏன், எதற்கு என்று கேட்காமல் கையை நீட்ட மாட்டேன். வயது பதினைந்து. ரத்தத்தில் புற்று. போன மாதம் பெரிய டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஏதோ சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்றாள். நானும் நம்பின மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

இந்த வாய்க்காகத்தான் கமிட்டிக்காரர்கள் என்னைப் பிடித்தார்கள். இனிப் பிழைக்காது என்று தெரிந்துவிட்ட பிள்ளைகள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு இல்லம் கட்டப் போகிறார்களாம். "பிள்ளைங்க மனசுல என்ன இருக்குன்னு கேட்டுத்தான் கட்டணும்" என்று கமிட்டித் தலைவி சொல்லிவிட்டார். அவர் சாவு என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார். பயணம் என்பார். என்னவோ எங்கள் எல்லோருக்கும் ஜன்னலோரத்தில் சீட்டு போட்டு வைத்திருக்கிற மாதிரி.

முதல் கூட்டத்தில், இல்லத்தை வடிவமைக்கிற ஆர்க்கிடெக்ட் தன் படங்களைச் சுவரில் ஒட்டிக் காட்டினார். கூரையில் மேகம். கதவில் ஒட்டகச்சிவிங்கி. கட்டில் தலைமாட்டில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற யானை. சாகப் போகிற பிள்ளைகளுக்கு மிருகங்கள் என்றால் உயிர் என்று யாரோ இவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"உனக்கு எந்தக் கலர் பிடிக்கும், குட்டிம்மா?"

"அம்மா எங்க படுப்பாங்க சார்?"

அவருக்கு முகமெல்லாம் பல். வராந்தாக் கோடியில் பெற்றோர் ஓய்வறை இருக்கிறதாம். சோபா, மெல்லிய வெளிச்சம், சுவர் முழுக்க மீன் தொட்டி.

"எங்கம்மா மீன் பாக்க வரல சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அவள் என் கட்டிலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இந்த ஒரு வருஷமாக ராத்திரிகளை ஓட்டுகிறாள். தலையைக் கட்டிலின் பக்கக் கம்பியில் சாய்த்துக்கொள்வாள். விடிந்ததும் கன்னத்தில் கம்பியின் தடம் இருக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றால், எனக்கு இங்கேதான் தூக்கம் வருகிறது என்பாள். பச்சைப் பொய். எனக்கு மேகமும் வேண்டாம், யானையும் வேண்டாம். அம்மா என் பக்கத்தில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லியும்விட்டேன்.

"கட்டில் அளவெல்லாம் ஏற்கெனவே முடிவாயிடுச்சும்மா" என்று ஆர்க்கிடெக்ட் பூசி மெழுகினார். "நர்ஸ் ரெண்டு பக்கமும் நின்னு வேலை பாக்கணும் இல்லையா?"

"எப்ப சார் கட்டி முடிப்பீங்க?"

"அடுத்த வருஷக் கடைசியில" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தலைவி அவசர அவசரமாகப் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"பரவால்ல சார், நான் எனக்காகக் கேக்கல" என்றேன். அதில் பாதி பொய்.

பிறகு, நன்கொடை கொடுப்பவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி அறை தயாரானது. ஆஸ்பத்திரியின் பழைய சாமான் கூடத்தில் பிளைவுட்டால் நிஜ அளவில் செய்து, வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். நான் கட்டிலில் படுத்துப் போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். அதுதான் என் வேலை. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே என்னை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். யானை எனக்கு முன்னாலேயே சிரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீயும் ஏறிப் படு."

"லூசாடி நீ? எல்லாரும் வந்துடுவாங்க."

"நீ படுக்கலன்னா நான் சிரிக்க மாட்டேன்."

நான் சொன்னதைச் செய்யக்கூடியவள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு பக்கக் கம்பியை இறக்கிவிட்டு, நான் மறுபக்கக் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா ஒருக்களித்துப் படுத்தாள். பாதி அம்மா கட்டிலுக்கு வெளியே இருந்தாள். விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் பதறி ஓடிவந்து, மெத்தையின் விளிம்பில் தன் முழங்கால்களை முட்டுக் கொடுத்தார்.

"ஒரே ஒரு நிமிஷம் சார். அடம் பிடிக்கிறா" என்று அம்மா கூச்சப்பட்டபடி என் மேல் கையைப் போட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு.

ஆர்க்கிடெக்ட் மெதுவாக நகரப் பார்த்தார். அம்மா சரிந்தாள். மறுபடி முட்டுக் கொடுத்தார்.

"அசையாதீங்க சார்" என்றேன்.

அதற்குள் தலைவி விருந்தாளிகளோடு வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன சார் இது? வந்து இவங்களுக்கு விளக்கிச் சொல்லுங்க."

"வர முடியாது மேடம். விட்டா விழுந்துடுவாங்க."

"அப்ப எழுப்புங்க."

நான் உதட்டில் விரலை வைத்தேன். "யூஸ் பண்ணிப் பாக்கத்தானே மேடம் கூப்பிட்டீங்க? பாத்துட்டிருக்கோம்" என்று கிசுகிசுத்தேன். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் பூங்கொத்தும் கையுமாகக் கால் நுனியில் நின்றார்கள். ரிப்பனை வெட்டினால் கை தட்ட வேண்டும், தட்டினால் அம்மா விழித்துவிடுவாள். அதனால் ரிப்பன் அப்படியே தொங்கியது. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகிவிட்டது.

ஆர்க்கிடெக்ட் ஒரு கையால் பாக்கெட்டிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். இந்தத் தடவை குட்டிம்மா என்று கூப்பிடவில்லை.

"எவ்வளவு அகலம் வேணும்?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க நிக்கிற இடம் வரைக்கும்."

டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்தார். நான் அதை என் பக்கக் கம்பியில் வைத்துப் பிடித்தேன். அம்மாவுக்கு மேலாக இழுத்துத் தன் முழங்காலில் நிறுத்தி அளவைப் பார்த்தார்.

"எங்கம்மாவ வச்சு அளவு எடுக்காதீங்க சார்" என்றேன். "போன வருஷம் வரைக்கும் அவங்க குண்டு."

அவர் முட்டுக் கொடுத்தபடியே, டேப்பைத் தன் முதுகுக்குப் பின்னால் வரை இழுத்தார்.